வைரவருக்கு இன்னொரு மரம்

உருத்திரபுரத்தில் ஒரு மனுசிக்கு மூளை பிசகிவிட்டதாம், வளவு மரங்களையெல்லாம் மொட்டையடித்துவிட்டாவாம் என்று கடல் கடந்து நான் வேலை பார்த்த சிரம்பானில், கோயில் மண்டபத்தில் வைத்து இளையதம்பியர் சொன்னார். அவர் கண்டவரல்ல. இலங்கைக்குப் போய்வந்த அவருடைய சகலனுக்குப் பரந்தன் சந்தியில் யாரோ சொன்னது.

"புருசன் செத்தாப்பிறகு தனிய இருக்கிறாவாம். ஏணி வைச்சு ஏறுறாவாம்," என்று சிரித்தார்.

புருசன் பெயரைக் கேட்டேன். சிற்றம்பலம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிற்றம்பலம் என் அத்தான். ஏணியில் ஏறுகிறவர் என் அக்கா விமலேஸ்வரி.

அது அறுபத்து நான்காம் ஆண்டு. அந்த ஆவணியில் லீவு எடுத்துக்கொண்டு போனேன். நான் படலையைத் திறந்தபோது அக்கா மாமரத்தில் சாத்திய ஏணியில், கையில் கத்தியோடு நின்றார்.

"ஆர், தம்பியே? அங்கையே நில். இந்தக் கொப்பு விழட்டும்."

கொப்பு விழுந்தது. இறங்கி வந்து கையைச் சேலையில் துடைத்தார். மெலிந்திருந்தார்.

"உங்களுக்கு விசர் எண்டு ஊர் கதைக்குது, அக்கா."

"ஓம், எனக்கும் சொன்னவை. அதுக்குப் பிறகுதான் சனம் கத்தி இரவல் கேட்டு வாறதை விட்டிருக்குது."

வேலணையில் நாங்கள் வளர்ந்த வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த வளவில் கேட்கும். இங்கே அரசாங்கம் பிரித்துக் கொடுத்த கொலனிக் காணிகள் பெரியவை. அடுத்த வீட்டுச் சின்னராசாவின் விளக்கு வயலுக்கு அப்பால் ஒரு பொட்டாகத் தெரியும், அவ்வளவுதான். காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் அத்தானும் அக்காவும் அந்தத் தூரத்தைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் இல்லை. அத்தான் காய்ச்சலில் போன பிறகு அக்கா ரேடியோவைக்கூட அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"போன மாரியில மாங்கொப்பு முறிஞ்சு குசினிக் கதவுக்குக் குறுக்கால விழுந்திட்டுது," என்றார். "நான் உள்ளுக்கை, அடுப்படியில. கத்தினன், ஆருக்குக் கேக்கும்? மற்ற நாள் சின்னராசாவின்ர மாடு கட்டறுத்து ஓடினபடியால், அதைத் தேடி வந்தவர் என்னைக் கண்டவர். மாடு ஓடாட்டில்?"

அதற்குப் பிறகுதான் ஏணி. மாவிலும் பலாவிலும் பாரமான கொப்புகளைத் தறித்தார். வேம்பையும் முருங்கையையும் அடிமரம் மட்டும் விட்டார். தென்னையில் காவோலையையும் குலைகளையும் ஆள் பிடித்து இறக்குவித்தார். விட்டது ஒன்றே ஒன்றுதான். காடு வெட்டும்போது அத்தான் விட்டுவைத்த பெரிய வாகை. அதன் பாதிக் கொப்புகள் வீட்டு ஓட்டுக்கு மேல் கவிந்து நின்றன. சுற்றி நின்ற மரங்களில் இலை இல்லாதபடியால் இனி வருகிற காற்று முழுவதும் அதைத்தான் பிடிக்கும்.

"இதை ஏன் விட்டனீங்கள்?"

"கீழ பார்."

வேரடியில் வைரவர் சூலம் நின்றது. அத்தான் நட்டது.

"வைரவரை எழுப்பி வேற மரத்தடியில இருத்தாமல் கத்தி வைக்கிறேல்லை."

"அப்ப இருத்துங்கோவன்."

அக்கா வளவைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நான் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"எங்கை இருத்த? எல்லாத்தையும் நானே மொட்டையடிச்சுப்போட்டன். அவரை வெய்யிலுக்கை நிக்கவிடுறதே? வேம்பு தளிர்க்கட்டும். தையில மாத்துவம்."

"மாரி தைக்கு முதல் வருமே."

"எனக்குத் தெரியாதோ?"

"அப்ப என்னோட சிரம்பானுக்கு வாங்கோ."

"அங்கை மரங்கள் விழாதோ?"

ஒருநாள் கோடாலியை எடுத்துக்கொண்டு வாகையடிக்குப் போனேன். அக்கா வந்து சூலத்துக்குப் பக்கத்தில் குந்தினார். கோடாலியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தேன்.

திரும்புமுன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பரமலிங்கத்திடம் பேசி ஒழுங்கு செய்தேன். கடையில் டெலிபோன் இருந்தது. நான் சிரம்பானிலிருந்து அழைப்பு எடுத்தால் ஆள் விட்டு அக்காவைக் கூப்பிடுவார். தீபாவளியன்று எடுத்தேன்.

"வேம்பு இலை விட்டிட்டுது," என்று கத்தினார் அக்கா. "ஒரு கோழி நிக்கிறளவு நிழல் விழுது."

"வாகை?"

"நிக்குது. உன்னைச் சுகம் கேட்டது."

கதைக்க வேண்டியது முடிந்தது. ஆனாலும் அவர் டெலிபோனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை. கடைசியில் தொடர்பு தானாக அறுந்தது.

மார்கழியில் இலங்கையின் வடக்கைப் புயல் கடந்ததாக ரேடியோ சொன்னது. ஊர்ப்பெயர் எதுவும் சொல்லவில்லை. தபால் கந்தோருக்குப் போய் சங்கக்கடைக்கு அழைப்புப் பதிந்துவிட்டு அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரத்துக்குப் பிறகு டெலிபோன் கூண்டுக்குள் போகச் சொன்னார்கள்.

அந்தப் பக்கத்தில் மணி அடித்தது. அடிக்கிறதென்றால் கம்பி அறவில்லை. கம்பி அறவில்லையென்றால் தூண்கள் நிற்கின்றன. தூண்கள் நின்றால் மரமும் நிற்கலாம். பரமலிங்கம் கடையைப் பூட்டிவிட்டு யாருக்காவது உதவப் போயிருக்கலாம். யாருக்கு என்று நினைக்க நான் விரும்பவில்லை.

எடுக்க ஆளில்லை, வைத்துவிடட்டுமா என்று கேட்டாள் எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண்.

இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்றேன்.