எம் என்றால் அ

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சாகப் போகிறது என்பதை முதலில் அதன் சத்தம்தான் சொன்னது. போட்டவுடன் உள்ளே ஏதோ டிக் டிக்கென்று தட்டும். கொஞ்ச நேரம் ஓயும், பிறகு மறுபடி தட்டும். மாத்தளை டவுனில் பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, டாக்டர்மார் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"அக்கா, ஹார்ட் டிஸ்க் போற நேரம் இது. அடிக்கடி போடாதீங்க. ஒருக்கா போட்டு, முக்கியமானத மட்டும் மொதல்ல எடுத்துக்குங்க. எல்லாத்தையும் எடுக்கப் பாத்தா ஒண்ணும் மிஞ்சாது."

"எது முக்கியம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது உங்களுக்குத்தானே தெரியும்," என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த மனுஷன் சொன்னதில் பிழை இல்லை.

துபாயில் வேலை செய்யும் என் மகளுக்குப் போன் போட்டேன். "க்ளவுட்ல போட்டுருவோம்மா, அங்க போட்டா தொலையாது. நானும் இங்கருந்தே பாத்துக்கலாம்," என்றாள். மேகத்தில் போடுவதாம்! ரத்தோட்டைக்கு மேலே மேகத்தோடு குடித்தனம் நடத்துகிறவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும், அதில் போட்ட துணி என்றைக்காவது காய்ந்ததா என்று. இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம லீவு. காலையில உக்காருவோம். அதுக்குள்ள எதெது வேணும்னு யோசிச்சு வைங்க," என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் வேண்டும்.

என் கணவர் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருந்தார். கிழமை நாளெல்லாம் தோட்டத்துக் குவார்ட்டர்சில் தங்குவார். சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் இறங்கி வருவார், திங்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையைக் கூட்டிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைகள்தான் மிஞ்சும். அவர் பென்ஷன் எடுத்து வீட்டோடு வந்தபோது, இனி எல்லா நாளும் ஞாயிறுதான் என்று நான் மனசுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அதை அதிக நாள் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் சொல்லும் இந்த ஞாயிறு வந்தபோது அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவருக்குக் கெமராப் பைத்தியம். கண்ணில் பட்டதை எல்லாம் எடுப்பார். எடுத்தவர் அவர் என்பதால் ஒரு படத்திலும் அவர் இல்லை. முன் அறையில் மாலையோடு தொங்குவது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் மாதிரி அதில் முழித்துக்கொண்டிருக்கிறார். குரலாவது எங்கேயாவது கிடக்குமா என்றால், போனில் "ஆ, சரி, வச்சிரு" என்பதற்கு மேல் பேசியிருந்தால்தானே? வீட்டிலும் பேச்சு அளந்துதான் வரும். அவருடைய ஒரு வாயசைவுக்காக நான் எத்தனையோ கதைகளைக் கொட்டியிருக்கிறேன்.

ஞாயிறு காலையில் உட்கார்ந்தோம். போன் எனக்குப் பக்கத்தில், ஸ்பீக்கரில் மகள். அங்கிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரை இயக்க அவளுக்கு ஏதோ வழி தெரியும். நான் கை வைக்காமலே திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தது. மாடியில்லாத வீட்டுக்குள் யாரோ மாடியிலிருந்து இறங்கி வருவதுபோல எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவளுடைய சான்றிதழ்களை மேலே அனுப்பினாள். காணி உறுதிப் பத்திரத்தின் படங்களை அனுப்பினாள். அடுத்து அவளுடைய கல்யாண ஆல்பத்தில் அம்புக்குறி போய் நின்றது. அதற்குக் கீழே அவருடைய படங்கள் இருந்த பெரிய ஃபோல்டர்.

அதைத் திறந்தவள், "என்னம்மா இது, பேரெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? கே, ஐ, ஓ. அப்புறம் எம், டி. நடுவுல அரைப்புள்ளி எல்லாம். வைரஸ் பூந்திருக்கு போல. இதெல்லாம் குப்ப, விட்டுருவோம்," என்றாள்.

நானும் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துகளை உரலில் போட்டு இடித்த மாதிரி இருந்தது. ஒன்றும் புரியவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. கே, ஐ, ஓ என்று அவள் சொன்னபோதே மேசை விளிம்பில் என் வலது நடுவிரல் ஒருமுறை தட்டியது, ஒரு படி மேலே போய் இன்னொருமுறை தட்டியது, பக்கத்தில் மோதிர விரல் விழுந்தது. மழை.

"தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் அம்புக்குறி அப்படியே நின்றுவிட்டது.

நான் டவுனில் ஓர் அச்சகத்தில் வருஷக் கணக்காகத் தமிழ் டைப் அடித்தவள். கல்யாண அழைப்பிதழ், கோயில் தேர்த் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், எல்லாமே பாமினி எழுத்துருவில்தான். அதில் இங்கிலீஷ் விசையைத்தான் அழுத்துவோம், திரையில் தமிழ் விழும். எம் என்றால் அ. கே என்றால் ம. விசையைப் பார்த்து அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் இந்தக் கணக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அவர் தனக்கும் சொல்லித் தரச் சொன்னார். சொல்லிக் கொடுத்தேன். ஒற்றை விரலால் அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க போய் கொழுந்து நிறுங்க," என்று எழுந்துவிட்டேன். மனுஷன் விடவில்லை. ஞாயிறு பின்னேரங்களில் நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது மகளின் அறையிலிருந்து டொக், டொக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கிழமை நாளெல்லாம் அச்சகத்தில் அதே மாதிரிப் பெட்டியோடு மாரடிக்கிற நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஆனால் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிற இடத்தில் பாமினி வேலை செய்யாது. அங்கே தமிழென்று நினைத்து அடிப்பதெல்லாம் வெறும் இங்கிலீஷ் எழுத்தாகவே நிற்கும். அது தெரிந்தும் அவர் அப்படியே அடித்துக்கொண்டு போயிருக்கிறார். "நான் என்னா அடிச்சேன்னு எனக்குத் தெரியுந்தானே," என்று சொல்லியிருப்பார். ஒரு தடவை மட்டும் என்னிடம் வந்து நின்றார். "ஈ போட்டா மெஷின் ஏசுது," என்றார். ஈ விசையில் இருக்கும் குறியைப் பெயரில் சேர்க்க அது விடாது. "ஈ இல்லாம எழுதிட்டுப் போங்க," என்றேன். ஈரத் துணி என்று வைக்கப் போனாரோ என்னவோ, அந்த வரிசையில் இப்போது 'காயாத துணி' என்று ஒன்று இருக்கிறது.

மகளுக்கு ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். அவள் எழுத்துகளைச் சொல்வாள், நான் மேசையில் தட்டிப் பார்த்துத் தமிழில் சொல்வேன். 'இதுவும் மழை.' 'பல்லு வலி.' 'மறுபடி மழை.' 'சும்மா.' 'வெயில் வந்துச்சு.' அவருடைய பேச்சேதான். அந்த அளந்த சொல், அந்த அலுப்பு, அதற்குள் ஒளிந்திருக்கும் குறும்பு. மகள் முதலில் சிரித்தாள். பிறகு, "அப்பா சொல்ற மாதிரியே இருக்கும்மா," என்று மூக்கை உறிஞ்சினாள். நானும் அழுதேன். இத்தனை நாள் தேடிய மனுஷன் குப்பை என்று ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"எம், டி, அப்புறம் ஆர், பி..." என்று அவள் சொல்லிக்கொண்டு போனாள். என் விரல்கள் தட்டின. 'அவ சிரிச்சது.'

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல புள்ள. நீ அடுத்ததச் சொல்லு."

அந்த நிமிஷமே அதைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. "தொறக்காதீங்கம்மா, டிஸ்க் தாங்காது. எல்லாம் மேல போனதும் ஆறுதலா பாப்போம்," என்றாள் அவள். தட்டும் சத்தம் அப்போது இடைவிடாமல் கேட்க ஆரம்பித்திருந்தது.

"ஆல்பத்த மொதல்ல போடவா, இதப் போடவா?"

"ஆல்பம் ஒன் மாமியார் வீட்டுலயும் இருக்கு. இதப் போடு."

"இதுல எத மொதல்ல?"

வாய் வரை வந்தது. பெற்ற பிள்ளையிடம், என் சிரிப்பை முதலில் அனுப்பு என்று எப்படிச் சொல்வது? இந்த வயதில் எனக்கு வெட்கம் வேறு. "வரிசையாவே போடேன்," என்றேன்.

பெயர்களுக்குக் கனம் இல்லை. கண்மூடித் திறக்கும் முன் எல்லா ஃபோல்டர்களும் பெயரோடு மேலே போய் நின்றுவிட்டன. அதன் பிறகுதான் படங்கள் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். அகர வரிசையில் அ முதல் எழுத்து என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பெட்டிக்கு அ என்பது எம். எம்முக்கு முன்னால் கே வரும், கே என்றால் ம. அதனால் மழை முந்திப் போனது. அவர் எடுத்த மழை கொஞ்சநஞ்சமா? ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் மழை, தொழிலாளர் லயத்துக் கூரையில் மழை, பஸ் கண்ணாடியில் மழை. அது முடிந்து மறுபடி மழை. நான் சாப்பிடாமல் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மழையில் கடைசிச் சில படங்கள் ஏறிக்கொண்டிருந்தபோது தட்டும் சத்தம் நின்றது. நல்லதுக்குத்தான் நின்றது என்று நினைத்தேன். திரை நீலமாகி, பிறகு கறுப்பாகிவிட்டது.

கடைக்காரர் கையை விரித்தார். கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம். அவர்களாலும் முடியவில்லை.

மேலே போனதெல்லாம் இப்போது என் போனில் தெரிகிறது. மழை அத்தனையும் இருக்கிறது. ப என்றால் ஜி, அதுவும் எம்முக்கு முன்னால், அதனால் பல்லு வலி இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, கன்னம் வீங்கிய தோட்டத்து நாய். வெயிலுக்குள் ஒன்றும் இல்லை. 'அவ சிரிச்சது' என்பதைத் தொட்டால், இங்கே எதுவும் இல்லை என்று வருகிறது. ஒரு படமா, பத்துப் படமா, அதுகூடத் தெரியாது. பெயர்களைத் தமிழில் மாற்றித் தருவதாக மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். அவர் அடித்தது அப்படியே இருக்கட்டும்.

போன கிழமைதான் அந்தப் பெயரை அவளுக்கு வாசித்துச் சொன்னேன். "எதுக்கும்மா சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. குசினியில் நின்று சிரித்தேனா, கோயில் வாசலிலா, அவரைப் பார்த்துத்தான் சிரித்தேனா, எதுவும் ஞாபகம் இல்லை. அவர் கெமராவைத் தூக்கியதைக்கூட நான் கவனித்திருக்க மாட்டேன். அதைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.