புகை வராத வீடு

மூடியைப் பூட்டிக்கொண்டு வேலை செய்யும் எந்தப் பாத்திரத்தையும் நான் இன்றுவரை முழுசாக நம்பியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி புது கரண்ட் குக்கரில் அரிசி, பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடினாள், பொத்தானை அமுக்கினாள், கடைக்குக் கிளம்பிவிட்டாள். அதுவாக அணைந்துகொள்ளும், நீங்கள் ஒன்றும் பண்ண வேண்டாம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் பண்ண வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு முதலில் சந்தேகம் வரும். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். தீ இல்லை, சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூடியின் ஓட்டை வழியாக நூல் மாதிரி ஆவி வந்தது. அதில் மிளகு வாசம்.

கடை மிளகுதான். எங்கள் மலை மிளகின் காரம் அதற்கு வராது. ஆனாலும் அந்த வாசம் என்னை நாமக்கல்லிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கொல்லிமலையில், பைல் நாடு என்கிற எங்கள் ஊர்ப் பக்கத்தில், எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் இறக்கிவிட்டது. இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்த புதிது. அண்ணனுக்குக் கல்யாணமாகி மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். அண்ணி முள்ளுக்குறிச்சிக்காரர். அவர்களும் எங்கள் சனந்தான், ஒரு தலைமுறைக்கு முன்னால் அடிவாரத்துக்கு இறங்கிக் குடியேறியவர்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்த அண்ணியின் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த ஒரு கரண்ட் பிரஷர் குக்கரும் சீரோடு மலையேறி வந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த அண்ணி, எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கைவிடவில்லை. தனக்கு வாந்தி வந்தபோதுகூட.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அதனால் குக்கரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் என் கைக்கு வந்தது. அப்பா நான் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டவர். வீட்டில் தீர்ப்புச் சொல்கிறவள் அம்மாதான். இது வெடிக்குமா வெடிக்காதா, அதை மட்டும் சொல் என்றாள். நான் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை என்று இயற்பியல் பாடத்தில் படித்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வெடிக்கும்" என்றாள்.

அம்மாவின் கட்சி இதுதான். சாமைச் சோறு என்றால் நடுவில் திறந்து பார்க்க வேண்டும், கிண்ட வேண்டும், ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்க வேண்டும். பார்க்க விடாத பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அண்ணி சண்டை போடவில்லை. காலையில் சாமையும் பருப்பும், சில நாள் பலாக்கொட்டையும் போட்டு, மிளகைத் தட்டிச் சேர்த்து மூடிவிட்டு முற்றம் கூட்டப் போய்விடுவார். கூட்டி முடித்து வரும்போது சோறு தயாராக இருக்கும். நானும் அண்ணனும் ஒரு பிடி பிடிப்போம். அம்மா முந்தின ராத்திரிக் களியை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவாள். சாயங்காலம் எங்கள் ஊருக்கு வரும் கரண்டில் பல்பே பழுத்த கொய்யா நிறத்தில்தான் எரியும், குக்கர் எங்கே சூடாவது? அதனால் ராத்திரிச் சமையல் மட்டும் அம்மா கையில், விறகடுப்பில்.

இதில் என்ன வம்பு என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். காலை அடுப்பு வீட்டுக்கு வந்த மருமகளுடையது. கல்யாணமான மறுநாள் மாமியார் அவள் கையில் கொள்ளி எடுத்துக் கொடுப்பாள். அதற்குப் பிறகு விடிகிறபோது ஊரே ஒரு கண்ணை அந்த வீட்டுக் கூரைமேல் வைத்திருக்கும். புகை வந்தால் மருமகள் அடுப்பில் இருக்கிறாள், எல்லாம் சரி. வரவில்லை என்றால் வீட்டில் காய்ச்சல், அல்லது சண்டை, அல்லது சாவு. போய்க் கேட்டுவிட வேண்டியதுதான்.

எங்கள் கூரையில் காலைப் புகை நின்று போயிருந்தது. வீட்டுக்குள் இருந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. மேட்டு வீட்டுப் பெரியம்மாவுக்கு உறைத்தது. அவர் வீடு எங்கள் கூரைக்கு நேர் மேலே. வெறுங்கூடையோடு கீரை கேட்டு வந்தார், அடுப்பைப் பார்த்தார். சாம்பல் ஆறிக் கிடந்தது. அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணிக்குப் பிறவியிலேயே ஒல்லி உடம்பு. குக்கர் ஒரு மூலையில் மூச்சுக் காட்டாமல் இருந்தது, அதை அவர் தண்ணீர்ப் பானை என்று நினைத்திருக்க வேண்டும். ராத்திரி மட்டும் புகை வருகிறது, காலையில் இல்லை. அவர் கணக்கில் இதற்கு ஒரே அர்த்தம். மாமியார் ராத்திரி தனக்குப் பொங்கித் தின்றுவிட்டு, மருமகளுக்குக் காலை அடுப்பைக் கொடுக்காமல் பட்டினி போடுகிறாள்.

அடுத்த சந்தைக்கு அந்தச் சேதி பலாப்பழத்தோடு சேர்ந்து அடிவாரம் இறங்கியது.

ஆடிக் காற்று மரத்தையெல்லாம் முறித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணியின் அப்பா மலையேறி வந்தார். பஸ்ஸுக்குக் காத்திராமல் குறுக்குப் பாதையில் நடந்தே வந்திருந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு லாரியில் கீழே போயிருந்தான். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நேராகச் சமையல்கட்டு வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தார். ஆறிய சாம்பல்.

"துணிமணிய எடுத்துக்க சாமி. போலாம்" என்றார் மகளிடம்.

அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்படிக் கூட்டிக்கொண்டு இறங்கிய பெண்கள் திரும்பி மலையேறுவது எங்கள் பக்கம் அபூர்வம். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது.

அண்ணி குக்கரைக் காட்டி, சோறு அதில் வேகிறது என்றார். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அதிலிருந்த சின்ன விளக்கு எரியவில்லை. சரியாக அந்தக் காலையில்தான் எங்கேயோ மரம் விழுந்து, சோறு பாதி வேகும்போது கரண்ட் போயிருந்தது. திறந்து காட்டு என்றார். மூடி அசையவில்லை. உள்ளே ஆவி அடங்கி, மூடியில் நிற்கும் ‘பின்’ என்கிற சின்ன ஊசி கீழே இறங்கினால்தான் அது திறக்கும். படித்தவன் என்ற கடமையுணர்ச்சியோடு நான் முன்னால் வந்து, மின்சாரம் இல்லாத நிலையில் உள்ளழுத்தம் குறையும் வரை மூடி திறக்காது என்று பாடப் புத்தகத் தமிழில் விளக்கினேன்.

"தொறக்காத பானைல சோறு இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு படிச்ச ஆள வேற வெச்சிருக்கறீங்க" என்றார் அவர், அம்மாவைப் பார்த்து. நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அண்ணி அழவில்லை. மணையை எடுத்துப் போட்டு, "பின்னு எறங்கட்டும்ப்பா. அது வரைக்கும் உக்காருங்க. அப்பறமும் வரச் சொன்னா வாரேன்" என்றார்.

நாங்கள் நான்கு பேரும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தோம். வாசலில் மேட்டு வீட்டுப் பெரியம்மா வந்து நின்றார், இந்த முறை கூடை கூட இல்லாமல். எல்லோருடைய கண்ணும் அந்தச் சின்னப் பின்மேல். மனதுக்குள் நான் அழுத்தத்தைப் பற்றிப் படித்த அத்தனை விதிகளையும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

டக்கென்று பின் இறங்கியது. அண்ணி மூடியைத் திருப்பினார். ஆவியும் மிளகு வாசமும் எழுந்தன. உள்ளே நிறையச் சோறு. அவர் அப்பா ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். நசுங்கவில்லை.

"இந்த வேகாச் சோறுதான் எம்புள்ளைக்கா?"

அம்மா எழுந்தாள். குக்கரின் உள்பாத்திரத்தை அப்படியே தூக்கி அடுப்பில் வைக்கப் போனாள். "அத்தை, அதை வெக்காதீங்க, பாழாப் போயிரும்" என்று அண்ணி பதறி ஒரு ஈயக் குண்டானை நீட்டினார். சோற்றை அதில் கொட்டி, அம்மா அடுப்பைப் பற்ற வைத்து, கிண்டி, நசுக்கிப் பார்த்து இறக்கினாள். தனக்குத்தான் முதலில் போட்டுக்கொண்டாள். விருந்தாளிக்கு முன்னால் அம்மா சாப்பிட்டு அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"உங்க புள்ள தெனமும் இதுலதானுங்கண்ணா பொங்குது. பசங்க தின்னுவாங்க, அதுவும் திங்கும். நாந்தான் இந்தப் பானைய நம்பாம ஒரு வாயி தின்னதில்ல. இன்னிக்குத் திங்கறேன், பாத்துக்குங்க."

வட்டில் காலியாகும் வரை அவள் தலை நிமிரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மணையை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார். இரண்டு வாய் தின்றுவிட்டு மகளிடம், "உப்பு பத்தல" என்றார். அண்ணி அப்போதுதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஆனால் அவர் முழுசாக நம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள். கிளம்பிப் போகும்போது மேட்டு வீட்டில் நின்று எங்கள் கூரையைக் காட்டிப் பெரியம்மாவிடம் ஏதோ சொன்னதை அம்மா பார்த்துவிட்டாள். மறுநாள் விடியும் முன்பே அம்மா எழுந்து, அண்ணியைக் கூப்பிட்டுக் கையில் கொள்ளியைக் கொடுத்தாள். நாலு சுள்ளி, மேலே ஒரு கை ஈரத் தழை. கூரைக்கு மேலே கரும்புகை கட்டி எழுந்தது. அடுப்பின்மேல் ஒன்றும் இல்லை. சோறு மூலையில், குக்கரில். ஊர்ப் பார்வைக்குப் புகை, எங்கள் வயிற்றுக்குக் கரண்ட் என்று சில வருஷம் அப்படியே ஓடியது. கண்ணெரிச்சலோடு நாங்கள் தின்ற அந்தச் சோற்றில் அம்மாவும் பங்கு வாங்கினாள். இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்று தினமும் சொல்லிக்கொண்டே.

பிறகு ஊருக்குள் கேஸ் வந்தது. முதலில் ரோட்டோரத்து வீடுகள், அப்புறம் எல்லா வீடும். ஈரத் தழைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சென்ற முறை போனபோது காலை முதல் பஸ்ஸில் இறங்கி நின்று பார்த்தேன், ஊர் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. யார் பொங்கினார்கள், யார் பொங்கவில்லை என்று கூரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. நல்லதுதான், அண்ணிக்கு இருமல் போயிற்று.

அன்று மதியம் மேட்டு வீட்டுப் பெரியம்மாவைப் பார்க்க அண்ணியோடு போனேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. காய்ச்சலில் தனியாகச் சுருண்டு கிடந்தார். எத்தனை நாளாக என்று அவருக்கே தெரியவில்லை. கேஸ் அடுப்பில் ஈ மொய்க்கவும் ஒன்றுமில்லை. நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டுக்கும் தெரியவில்லை. அண்ணி அவரைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்து, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று கோபித்துக்கொண்டார்.

"அடுப்புப் பத்த வெக்கலியே, யாராச்சும் வந்து கேப்பீங்கன்னு பாத்துட்டே கெடந்தேன் கண்ணு" என்றார் பெரியம்மா. "அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. இப்பத்தான் எந்த ஊட்லயும் பொகையே இல்லியே."