சிவப்பு முனையில் எழுதிய சொல்

என் அலுவலக மேசையில் ஒரு பென்சில் இருக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்புப் பக்கம் சீவிச் சீவி நகத்தளவுதான் மிச்சம். நீலப் பக்கம் ஏறக்குறைய புதிது.

அது என் பெரியப்பாவுடையது. மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் டிரஸ்ஸர். டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து, ஊசி, கட்டு எல்லாம் அவர்தான். உடம்புக்கு முடியவில்லை என்று விடியற்காலையில் வந்து நிற்பவர்களைப் பார்த்து ரெஜிஸ்டரில் ஆங்கிலத்தில் எழுதுவார். நீலம் என்றால் லீவு. சிவப்பு என்றால் வேலைக்குப் போ.

தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போவில் எங்களோடு வந்து தங்கினார். நான் அப்போது காம்பாரில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தால் வீடு முழுக்க என் சொல்லாராய்ச்சிதான். ‘டெட்லைன்’ என்பது ஒரு காலத்தில் போர்க்கைதிகளைச் சுற்றிப் போட்ட கோடு, தாண்டினால் சுட்டுவிடுவார்கள் என்று அளந்தேன். “நல்லவேளை, எங்க மானேஜருக்கு இது தெரியாமப் போச்சுலா,” என்று சிரித்தார்.

ஒரு மத்தியானம் அவரே கேட்டார். “மலிங்கரிங்னு ஒரு வார்த்தை இருக்கே, அது எங்கருந்து வந்துச்சு? பாரும்மா.”

வேலைக்கு டிமிக்கி கொடுக்க நோய் வந்ததுபோல் நடிப்பது என்று பொருள் எனக்குத் தெரியும். போனில் தேடிவிட்டுக் கத்தினேன். “பிரெஞ்சுலருந்து வந்துச்சாம் பெரியப்பா! அங்க அதுக்கு நெசமான சீக்காளின்னுதான் அர்த்தமாம். நடிக்கிறவன்னு பின்னால மாத்திட்டானுங்க. செம கூத்துலா!”

அவர் சிரிக்கவில்லை. “நல்லா பாத்தியா?” என்றார். பிறகு சொன்னார்.

ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து நெஞ்சு வலிக்கிறது என்று வந்தாள். காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாதவருக்கு லீவு இல்லை என்பது மேலிடத்து உத்தரவு. மூன்றாம் நாள் அந்தச் சொல்லைச் சிவப்பில் எழுதி அனுப்பினார். பத்து மணிக்கு அவளை மரத்தடியிலிருந்து லாரியில் தூக்கிப் போனார்கள். டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது உயிர் இல்லை. யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. அவளுடைய மகள் இப்போது ஈப்போவில்தான் இருக்கிறாள். கோயிலில் பார்க்கும்போதெல்லாம், “எங்கம்மாவக் கடைசியா வைத்தியம் பாத்தது நீங்கதானேய்யா,” என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

“அந்த வார்த்தையத் தமிழ்ல எப்படிம்மா சொல்றது?”

“பாசாங்கு பண்றதுன்னு சொல்லலாம், பெரியப்பா.”

“அப்படித்தான் சொல்லணும், அந்தப் புள்ளகிட்ட.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மகளின் வீட்டுக்கு நான்தான் காரோட்டிப் போனேன். அந்த அக்கா கோப்பி கலக்கிக் கொடுத்தார். பெரியப்பா ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கலக்காமல், “ஒங்கம்மா பாசாங்கு பண்றாங்கன்னு எழுதிட்டேன்,” என்றார். அந்த அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“என்ன எழுதுறீங்கன்னு எங்கம்மா கேக்கலையா?”

“கேட்டாங்க. இங்கிலீசு, ஒனக்குப் புரியாதுன்னு சொன்னேன்.”

அந்த அக்கா எழுந்து, பெரியப்பா பாதி குடித்திருந்த கோப்பிக் குவளையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை. நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம். அதன் பிறகு கோயிலில் அவர் பெரியப்பாவை ஏறிட்டும் பார்த்ததில்லை. “அதுதான் சரி,” என்பார் பெரியப்பா. போன வருடம் அவர் இறந்தபோதும் அந்த அக்கா வரவில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் ஆள் நிர்வாகம் பார்க்கிறேன். ‘மலிங்கரிங்’ என்று சூப்பர்வைசர்கள் எழுதி அனுப்பும் தாள்கள் என்னிடம்தான் வருகின்றன. நேற்று அப்படி ஒரு தாளோடு ஒரு பெண் வந்து நின்றாள், நெஞ்சில் கை வைத்தபடி. நான் பேனாவைத் திறந்தேன்.

“என்னக்கா எழுதப் போறீங்க?”

தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி தமிழில் எழுதினேன்: நெஞ்சு வலி. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும். அடியில் கோடு போட அந்தப் பென்சிலை எடுத்தேன். நீல முனையை.