வெந்நீர்த் தொட்டியில் மிதந்த பத்து வார்த்தைகள்

எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சீட்டுக் கொடுக்கும் ஸ்டெய்ன்வோர், ஐஸ்லாந்தின் மருத்துவ ஆராய்ச்சி ஒன்றைத் தனியொருத்தியாகக் கவிழ்த்தவள். சோப்புப் போட்டுக் குளிக்காமல் குளத்தில் இறங்கப் பார்த்த மந்திரியையே துண்டோடு திருப்பி அனுப்பியவளுக்கு இதெல்லாம் பெரிய காரியமில்லை.

ஐம்பத்தாறு வயதில் அவள் இதயம் தாளம் தப்பியது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, தினமும் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். இப்படித் துடிக்கிற இதயம் மூளையையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று யாரோ சொல்ல, சாவியை ஒரு நிமிடம் தேடினாலும் அவளுக்கு முகம் வெளுத்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தலைநகரிலிருந்து இல்லுகி என்ற இளம் ஆராய்ச்சியாளன் வந்து இறங்கினான். தாளம் தப்பும் இதயம் மூளையை என்ன செய்கிறது என்று ஜீனை வைத்துக் கண்டுபிடிப்பது அவன் வேலை. எங்கள் ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுத்தான். பிறகு ஒவ்வொருவரையும் அறைக்குள் கூப்பிட்டு, பத்து வார்த்தை சொல்லி, கால் மணி நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டான். எல்லோருக்கும் அதே பத்து.

"குடி, புகை, சாப்பாடு எல்லாம் கணக்கைக் குழப்பிடும். ஜீன் பொறக்கும்போதே வந்தது. யார் சிபாரிசுக்கும் மசியாது" என்றான். பாவம், நீச்சல் குளத்தை ஒட்டி ஊரே ஊறிக்கிடந்து கதை பேசும் எங்கள் வெந்நீர்த் தொட்டிப் பக்கம் அவன் எட்டியே பார்க்கவில்லை.

மே மாதம் ஸ்டெய்ன்வோருக்கு இல்லுகியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா! தாளம் தப்புற ஜீன் இருக்கிறவங்களுக்கு ஞாபகம் மத்தவங்களவிட அபாரம்! உலகத்துல யாரும் பார்க்காத முடிவு! நீங்க பத்துக்குப் பத்து!"

ஊரே துள்ளியது. ரொட்டிக்கடையில் கோணல் இதயக் கேக் போட்டார்கள். இதயம் சீராகத் துடிப்பவர்கள் தலைகுனிந்து நடந்தார்கள். ஸ்டெய்ன்வோர் சாவியை வேண்டுமென்றே தொலைத்துத் தேடிப் பார்த்தாள், பயமே வரவில்லை.

மறுநாள் காலை, தலையில் பனித்தூறல், கழுத்துவரை வெந்நீர். எண்பத்தொரு வயது மீனவர் கோல்பெய்ன் பீற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் மறக்கல பாரு. வாளி, மணி, வெண்ணெய், பாலம்..."

"குதிரை, கையுறை, ஏணி" என்று தொட்டியே சேர்ந்து பாடியது. "உப்பு, ஜன்னல், மெழுகுவத்தி" என்று முடித்தவள் ஸ்டெய்ன்வோர். முடித்ததும் திடுக்கிட்டாள்.

"பெரியவரே, இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"இங்கதான்! பரீட்சைக்கு மூணு வாரம் முன்னாடியே. போயிட்டு வந்தவன் போகாதவனுக்குச் சொல்லலன்னா அது என்ன ஊரு?"

அவளும், காதில் விழ விழத் தன்னையறியாமல், இங்கேதான் கற்றிருக்கிறாள். தினமும் தொட்டியில் கிடப்பவர்கள் யார்? தண்ணீரில் நடக்கச் சொல்லி மருத்துவர் குளத்துக்கு விரட்டிவிட்ட கோணல் இதயக்காரர்கள். சீரானவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார்கள்.

சொன்னால் ஊரின் புகழ் போகும். அவளுடைய பத்தும் போகும். காபி ஆறும்வரை தொலைபேசியைக் கையில் வைத்திருந்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"தம்பி, உன் ஜீன் மேல தப்பில்ல. ஜீனால இதயம் கோணுது, இதயத்தால டாக்டர் திட்டுறார், டாக்டரால தொட்டி, தொட்டியால பத்து வார்த்தை."

மறுமுனையில் ஒரு கத்தல். "ஐயோ அக்கா! அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னீங்களே, என் மானத்தைக் காப்பாத்தினீங்க!"

அடுத்த வாரமே ஆறு புது வார்த்தைப் பட்டியலோடு வந்தான். குளத்து வாசலில் ஸ்டெய்ன்வோர் பலகை மாட்டினாள்: சோப்புப் போடாதவர்களுக்கும் வார்த்தை சொல்பவர்களுக்கும் அனுமதி இல்லை. முதல் ஆளாக அறைக்குள் போனாள்.

"ஏழு. உங்க வயசுக்கு நல்ல மார்க்" என்றான் இல்லுகி.

"சொந்த ஏழுதானே?"

"கலப்படமில்லாத ஏழு."

கோப்பை வென்றவள் மாதிரி வெளியே வந்தாள்.

மறுநாள் தொட்டியில் இருக்கும்போது, முந்தின நாள் நினைவுக்கு வராத எட்டாவது வார்த்தை தானாக வந்து நின்றது. அவள் முகம் மலர்ந்ததைக் கோல்பெய்ன் பார்த்துவிட்டார். அவருக்குப் பதினொரு மணிக்குப் பரீட்சை.

"என்னம்மா அது? எனக்கு மட்டும் சொல்லேன்!"

ஸ்டெய்ன்வோர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். அடியில் போய் அந்த வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினாள். மேலே வந்தவை குமிழிகள் மட்டுமே.