மைக்செட்டின் வாய்

காய்கறிச் சந்தையில் ஏலம் விடும் அவருக்கு மைக்செட் என்று பெயர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி லாரி வரைக்கும் குரல் போய்ச் சேரும். வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும் என்று தங்கை கேலி செய்வாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. தையல் கடை வைத்திருந்த தங்கையின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. அதை ஏற்றுவதற்கு முன் கடுமையான மருந்து கொடுக்க வேண்டும். பல் டாக்டர் முதல் வேலையாக இரண்டு சொத்தைப் பற்களைப் பிடுங்கினார்; மருந்தில் எதிர்ப்பு சக்தி குறையும்போது அதிலுள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் ஆளையே தூக்கிவிடுமாம். மருந்தில் வாய் வெந்துபோகும் என்று நர்ஸும் எச்சரித்தாள். மைக்செட் சிரித்தார். "சந்தையையே பாத்த வாய்மா இது."

மஜ்ஜை ஏறிய ஆறாம் நாள் அந்த வாய் ஓய்ந்தது. நாக்கு, உதட்டின் உட்புறம், தொண்டை எல்லாம் தோல் உரிந்து ரணம். எச்சில் விழுங்கினாலே கண் கலங்கியது. சாப்பாடு குழாய் வழியாக, பேச்சு சிலேட்டில்.

இரண்டு மணிக்கொரு தடவை உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கொப்பளிப்பார். ஒருமுறைகூடத் தட்டிக்கழிக்கவில்லை. முகக்கவசத்துக்குள் அழுதது தங்கைதான். அவர் எழுதிக் காட்டினார்: 'இப்பவாவது நீ பேசு.' அண்ணன் குறுக்கே விழாமல் அவள் ஒரு பேச்சை முடித்தது பிறந்ததிலிருந்து அன்றுதான்.

பதினெட்டாம் நாள் வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கின. மறுநாளோ அதற்கு மறுநாளோ, நர்ஸ் டார்ச் அடித்து அவர் வாய்க்குள் பார்த்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள். கன்னத்தின் உட்புறம், பச்சைப் புண்ணாகக் கிடந்த இடத்தில், ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் படர்ந்திருந்தது.

"என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடலக்கா. அதுவா வளருது. நீங்க குடுத்தது வேலைய ஆரம்பிச்சிருச்சு."

அவள் டார்ச்சை வாங்கிக்கொண்டு கிட்டே குனிந்தாள். கிழிசலை எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் விரலால் தடவினால் காட்டிக்கொடுத்துவிடும்; அது முப்பது வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம். இங்கே தையலே இல்லை. நர்ஸ் டார்ச்சைத் திருப்பிக் கேட்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான்கு நாள் கழித்து அவர் தண்ணீர் கேட்டார். காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. நாக்குக்கு ருசி திரும்ப இரண்டு மாதம் ஆனது. குரலில் பாதிதான் மிஞ்சியது.

அடுத்த வருஷம் தண்ணீர் பாட்டிலும் கையுமாகச் சந்தைக்குப் போனார். வியாபாரிகள் இப்போது நெருங்கி வந்து நின்றார்கள். தங்கையும் போயிருந்தாள். எல்லோரும் தக்காளிக் கூடையைப் பார்த்தார்கள். அவள் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.