பாங்குக்குப் பிறகு விழுந்த தாளம்

மார்ச் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை மாரிசெல்வம் சொந்த ஊரான வள்ளியூருக்குப் போக, மும்பை தாதரில் நாகர்கோவில் வண்டி ஏறினான். வழியனுப்பத் தளவாய் போகவில்லை. முந்தின நாள் ஊர் பார்க்க அவனைப் பிடித்துத் தள்ளித் திட்டியவன் எந்த முகத்தோடு போவான்?

மாட்டுங்கா லேபர் கேம்பில் கல்யாணமோ, மஞ்சள் பூசும் ஹல்தியோ, கோயில் கொடையோ, பதினான்கு வருஷமாகத் தளவாய்தான் டிஜே. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குத் தையல் தெரியாமல் தாவுவான். பிசிறு தட்டினால் அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்காது. கூட்டாளி மாரிசெல்வத்துக்கோ கை ஓடும் வேகத்துக்குக் கவனம் ஓடாது.

அந்த ஞாயிறு அம்மன் கொடை. பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியதும் வழக்கம்போல மாரிசெல்வம் சத்தத்தை இறக்கினான். பாட்டை நிறுத்த மறந்துவிட்டான். அது ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. பாங்கு முடிந்ததும் அடுத்த பாட்டைத் தொடங்கி, மிக்சரில் இரண்டு பாட்டின் சத்தத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டான். நையாண்டி மேளத்தின் மேல் மும்பை மீனவர்களின் கோலிப் பாட்டு அரைத் தாளம் தள்ளி வந்து விழுந்தது.

“கண்ணு என்ன பொடதியிலயால இருக்கு, மூதி!” என்று தளவாய் அவனைத் தள்ளினான்.

அதற்குள் சனம் பந்தல்கால் அதிர ஆடத் தொடங்கியிருந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. போகிற விசேஷமெல்லாம் அதே வேண்டுமாம். கைபேசியில் எடுத்த வீடியோவைக் காட்டிக் காட்டிக் கேட்டார்கள். தளவாய் அரைத் தாளம் தள்ளிப் பார்த்தான், கால் தாளம் தள்ளிப் பார்த்தான். இரண்டு பாட்டும் குழாயடிச் சண்டை போட்டனவே தவிரச் சேரவில்லை.

அடுத்த வருஷக் கொடையும் நெருங்கிவிட்டது. “அண்ணாச்சி, இது அது இல்லியே,” என்றார் கொடைக் கமிட்டி சங்கரன். “அது வந்தாத்தான் இந்த வருஷம் மேடை உமக்கு. இல்லன்னா முலுண்ட்ல ஒருத்தன் இருக்கான்.”

“தப்பை எப்படிவே சரியாப் போடுறது?”

“அது உம்ம டென்ஷன்.”

வீட்டில் அவன் மனைவி விஜயராணி வேறு. “மாரிக்கு ஒரு போன் போட்டா வாய் தேஞ்சிருமா?”

“தப்பு பண்ணுனவன் அவன்.”

“அந்தத் தப்புக்குத்தான இப்ப நாயா அலையுதீக!”

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ‘அதை எப்படில போட்ட?’ என்று அனுப்பினான். பதினொரு நாள் பதிலே இல்லை. கொடைக்கு முந்தின நாள் கைபேசி சிணுங்கியது. மாரிசெல்வம்தான்.

“அண்ணாச்சி, வள்ளியூர்ல நானும் பத்து கொடையில போட்டுப் பாத்துட்டேன், வரமாட்டேங்கு. பொறவு வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். என்னையத் தள்ளும்போது உங்க முழங்கை மிக்சர்ல பட்டு கோலிப் பாட்டு வேகம் குறைஞ்சிருக்கு. அதாலதான் சேந்துருக்கு. பாதித் தப்பு உங்களுது. நாளைக் காலையில தாதர்ல இறங்குதேன். திட்டாம தள்ள முடியுமான்னு பாருங்க.”