விக்கினம் அறிந்த மாப்பிள்ளை

போன மாதம், ஞாயிறு பூசையில், நிறைந்த கோயிலில் ஒருவர் எழும்பி ஒரு கலியாணத்துக்கு ஆட்சேபம் சொன்னார். எழும்பியவர் மாப்பிள்ளை.

கோயில் என்றால் வேதக்கோயில், கிறிஸ்தவர்களுடையது. நான் சைவம். அரியாலையில் என் வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா. அவருக்கு அந்தப் பக்கம் அந்தோனிப்பிள்ளை அண்ணை. அண்ணை போட் எஞ்சின் திருத்துகிறவர், மனைவி இறந்து பத்து வருடமாகிறது. அக்கா தையல்காரி, கலியாணமே கட்டாதவர். “ரெண்டு பேரும் தனித்தனியச் சமைச்சது காணும்” என்று அண்ணையின் மகள் ஜெனிற்றா அச்சுவேலியிலிருந்து வந்து, இருவரையும் பங்குச் சுவாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நாளும் குறித்தாயிற்று.

ஊரில் யாருக்கும் மறுப்பில்லை. இதற்கு ஏன் இவ்வளவு காலம் என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி.

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ‘ஓலை வாசிப்பார்கள்’. முதல் ஓலைக்கு அக்கா என்னையும் கூட்டிப்போனார். நான் போய் ஓலையைத் தேடினேன்... ஏ-ஃபோர் தாளில் பிரிண்ட் எடுத்த நாலு வரி!

சுவாமியார் மைக்கில் வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இதற்கு விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர்கள்.

“விக்கினமெண்டால் என்னக்கா?”

“கட்டேலாமல் மறிக்கிற காரணம். பேசாமல் இரு.”

எங்கள் பக்கத்தில் விக்கினம் என்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர்களோ ஊரைக் கூட்டிவைத்து, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

ஆண்கள் பக்கத்தில் அண்ணை எழும்பினார்.

“சுவாமி, எனக்கு ஒண்டு தெரியும்.”

சுவாமியார் தாளிலிருந்து தலையை நிமிர்த்த, அண்ணை தொடர்ந்தார்.

“ஜெனிற்றாவுக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்கை பிள்ளையை ஏந்தினவ இவதான். பிள்ளைக்கு ஞானத்தாய், எனக்குக் கொமாதிரி. கொமாதிரியைக் கட்டேலாது எண்டு திருச்சபைச் சட்டம் இருக்கு.”

போர்த்துக்கேயர் அலுமாரியை விட்டுப் போனார்கள், கதிரையை விட்டுப் போனார்கள், இந்தச் சொல்லையும் விட்டுப் போனார்கள். பிள்ளையின் ஞானத்தாய், தகப்பனுக்குக் கொமாதிரி. இருவருக்கும் இடையில் ‘ஞான உறவு’ என்று ஒன்று உண்டாகிவிடும். அது இரத்த உறவு மாதிரியே. கட்டக்கூடாது.

பக்கத்தில் அக்காவைப் பார்த்தேன். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணையின் மேல் சரியான ஆத்திரம். உனக்கு இந்த நேரத்தில்தானா மனச்சாட்சி முழிக்க வேண்டும், மனுசா?

“ஐயா, இருங்கோ. பூசை முடிய அறைவீட்டுக்கு வாங்கோ” என்றார் சுவாமியார்.

அறைவீடு என்பது சுவாமியார் குடியிருக்கும் வீடு. அண்ணையோடு அக்காவும் போனார்; அழைக்காமலே நானும் போனேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமை இல்லையா?

சுவாமியார் இளம் ஆள். சிரிக்காமல் சொன்னார்.

“ஐயா, அந்தச் சட்டம் இப்ப இல்லை.”

“எப்ப எடுத்தவை?”

“நீங்கள் பிறக்க முந்தியே.”

அண்ணை மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

பாருங்கள், ஒரு சட்டம் போடும்போது ஊருக்கெல்லாம் சொல்கிறார்கள். எடுக்கும்போது எங்கேயோ, யாரோ, லத்தீனில் எடுத்துவிடுகிறார்கள். அதற்கு யாரும் ஓலை வாசிப்பதில்லை. நாங்கள் பாட்டுக்குச் செத்த சட்டத்துக்குப் பயந்து கிடக்கிறோம். வேதக்காரரை மட்டும் சொல்லவில்லை... செவ்வாய் தோஷம் என்று என் வீட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. அது இப்போது வேண்டாம்.

“பத்து வருசம்! ஒருக்கால் சுவாமியிட்டைக் கேட்டிருக்கலாமெல்லே, அண்ணை?” என்றேன். பொறுக்க முடியவில்லை.

“கேட்டு, ஏலாதெண்டு சொல்லிப்போட்டால்?” அண்ணை அக்காவைப் பார்க்காமல் சொன்னார். “கேக்காமல் இருந்தால், பக்கத்து வளவிலையாவது இருப்பா எண்டு நினைச்சன்.”

சுவாமியார் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

“பிறகேன் இண்டைக்குச் சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“கோயிலுக்குள்ளை வைச்சுக் கேட்டவையெல்லே, பிள்ளை. தெரிஞ்சும் எப்பிடி வாயை மூடிக்கொண்டு இருக்கிறது?”

பிலோமினா அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். கண்ணில் நீர்... குரலில் நெருப்பு.

“எனக்கும்தான் தெரியும்! நான் எழும்பினனானோ?”

சுவாமியார் அவசரமாக யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

இரண்டாம் ஞாயிறும் போனேன். இனி விடுவேனா? அந்தக் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். சுவாமியார் அந்தத் தாளைக் கையில் எடுத்ததும் அக்கா எழும்பி, எல்லாரும் பார்த்திருக்க நடுவால் நடந்துபோய், அண்ணைக்குப் பக்கத்தில் அமர்ந்தார். விக்கினம் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடவர்கள் என்று வாசித்து முடியும்வரை, அண்ணையின் சட்டை நுனி அக்காவின் கைக்குள் இறுகி இருந்தது.

மூன்றாம் ஞாயிறும்தான்.